யோகனின் முழு ஆள் படம்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மட்டக்களப்பு டவுனில் எனக்குப் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடை. சுனாமிக்குப் பிறகு செத்தவர்களின் படங்களாகவே வந்து குவிந்த காலத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரி வேறு மாதிரிப் படம் ஒன்று கொண்டுவந்தாள். கனவில் கண்டதைப்போல வரைகிற யாரோ ஓவியர் செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்ததாம், கொஞ்சப் பிரதிகள்தானாம், எடுத்து முடிந்ததும் தகட்டைக் குறுக்கே கீறி அழித்துவிடுவார்களாம். படத்தில் இருந்தது அவர்கள் நாட்டுப் பழங்கதையில் கடல் பிரித்த ஒரு காதல் சோடி. இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு கதவு, பாதி திறந்தபடி. எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. சட்டம் போட்டு வைத்தேன், அவள் எடுக்க வரவே இல்லை.

பிறகு யுத்தம் முடிந்தது. என் தங்கச்சி வசந்தியின் புருசன் யோகன், லொறி ஓட்டப் போனவன், வன்னியில் அகப்பட்டுத் திரும்பி வரவில்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. பொட்டை அழிக்கமாட்டேன் என்று வசந்தி ஒரே பிடியாக நின்றாள். எவ்வளவோ பொறுத்துப் பார்த்த அவள் மாமியார் ஒருநாள் திவசம் செய்வதென்று முடிவெடுத்து, மகனின் படத்தோடு என் கடைக்கே வந்துவிட்டார்.

"கண்ணாடி போட்டுத் தா மனே, மாலை போடோணும். எண்ட புள்ள பசியோட அலையிறான் போல கிடக்கு."

மற்றப் படமெல்லாம் சுனாமியில் அவர்களுடைய கல்லடி வீட்டோடு கடலில் போய்விட்டதால், மிஞ்சியது ஸ்டூடியோவில் நின்றபடி எடுத்த அந்த முழு ஆள் படம் மட்டும்தான். அந்த அளவுக்குக் கடையில் சட்டம் இல்லை. எடுப்பாரில்லாமல் கிடந்த வெள்ளைக்காரியின் சட்டத்தைக் கழற்றினேன். பழைய படத்தை எறியாமல் பின் அட்டையாக விட்டு, அதன்மேல் புதுப்படத்தை வைத்து அடிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அப்படியே யோகன் முன்னால், சோடி பின்னால். ஆணி அடித்து, முதுகில் தாள் ஒட்டி, துணி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திவசத்தன்று மத்தியானம். படையல் வைத்தாயிற்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைக்க மாமியார் துணியை அவிழ்த்தார். நம்பினால் நம்புங்கள், கண்ணாடிக்குள் நின்றது அந்தச் சோடி.

"என்ன மனே இது? ஆர்ர படம்?" என்று அவர் கத்தினார்.

சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டிய தாள் கிழியவில்லை, ஆணி அசையவில்லை. நான்தான் மாற்றி வைத்துவிட்டேனோ என்றுகூட யோசித்தேன், இல்லை, கண்ணாடியைத் துடைக்கும்போது யோகனின் முகத்தைப் பார்த்து அழுதவன் நான். எல்லோர் முன்னாலும் பிரித்தேன். பின்னால் யோகன் இருந்தான், அவன் படம் இடுப்புவரை நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது.

"மாலைய எடுங்க மாமி," என்றாள் வசந்தி. "அவருக்கு அது வேணாமாம். அவர் வாறார்."

மாமியார் மாலையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். படையல் சோற்றை யாரும் தொடவில்லை.

சோடியின் அச்சுப்படத்தை வசந்தி கேட்டு வாங்கிப் போனாள். இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள், மறுமணம் பேசி வந்த நல்ல இடத்தையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அன்று நடந்தது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று எத்தனை தரம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. யோகனின் படத்தைக் காய்ந்ததும் தருகிறேன் என்று சொல்லி நான்தான் வைத்திருக்கிறேன். பங்குனி வெயிலில் போட்டுப் பார்த்தேன், மின்விசிறிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், காயவில்லை.

"அண்ணா, படம் காஞ்சிட்டா?" கடைப்பக்கம் வரும்போதெல்லாம் கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம் இரிக்கு."

வேறு என்ன சொல்ல? ஈரம் இப்போது அவன் கழுத்துவரை வந்துவிட்டது.