பதினோரு தடவை வந்த மெசேஜ்

ராமநாதபுரத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டே அறைகளில் நடந்தது எங்கள் கம்பெனி. இப்போது சென்னையில் ஏசி கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த ரப்பர் வாடைகூட ஏக்கமாக இருக்கிறது. அதைவிட ஏக்கம், எதிர் நாற்காலியில் இருந்த மாலதி.

முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் போடும் குடும்பத்துப் பெண். சரியான பிடிவாதக்காரி. ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள்தான் எங்கள் வேலை. ஒருவர் பதிவு செய்யும்போது மற்றவர்களை நிறுத்திவைக்க நான் நிரலில் பூட்டுப் போட்டு எழுதுவேன். பதிவுகள் ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்து மொத்தமும் அப்படியே நின்றுவிடும்.

"உன் பூட்டத் தூக்கிக் கடல்ல போடு ஜாபர்" என்று அவள் டிரான்ஸாக்‌ஷனல் மெமரி முறையைக் கொண்டுவந்தாள். அதில் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையை ஓட்டலாம். முடிக்கும் நேரத்தில், இடையில் வேறொருவர் கைவைத்தது தெரிந்தால், செய்ததை அழித்துவிட்டு நிரல் தானாகவே முதலிலிருந்து தொடங்கும். கேட்க அழகாகத்தான் இருந்தது.

அவளுடைய அய்யா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை. அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை. அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் விட சித்தப்பா வீரையாதான் வர வேண்டும். அவரோ வரப்புத் தகராறில் பேச்சை விட்டு ஆறு வருஷம் ஆகிறது; சாவுக்கும் வரவில்லை. நேரில் போய் அழைக்க இவளுக்கு ரோஷம். பங்காளிகளுக்கென்று எட்டு அறைகளை எங்கள் மென்பொருளிலேயே தன் பெயரில் கேட்டு, தகவல் போகும் எண்ணாக அவருடையதைக் கொடுத்தாள்.

"வந்தா வரட்டும்" என்றாள்.

எட்டு அறைகளைச் சேர்த்துப் பிடிப்பதற்குள் யாராவது ஓர் அறையைத் தட்டிக்கொண்டு போனார்கள். நிரலும் சளைக்காமல் அழித்து அழித்துத் தொடங்கியது. கடைசியில் அறைகளே தீர்ந்துவிட்டன. "அறை இல்லை" என்று திரையில் பார்த்தவள் அன்று சாப்பிடவே இல்லை.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் டயர் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வீரையாவும் இருபது பங்காளிகளும் இறங்கினார்கள்.

"போற வழியில ஒன்னையும் ஏத்திக்கிட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று அவர் போனைக் காட்டினார். 'ராமேஸ்வரம், ஆடி அமாவாசை: மாலதி பதிவு செய்த எட்டு அறைகள் உறுதி.' பதினோரு மெசேஜ்.

மாலதிக்கு அப்போதுதான் புரிந்தது. மெசேஜ் அனுப்பும் வரியை டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே, அழித்து அழித்துத் தொடங்கும் அந்தப் பகுதியிலேயே வைத்திருந்தாள்; ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு மெசேஜ் போயிருக்கிறது. பதிவை அழிக்கலாம், போய்ச் சேர்ந்த மெசேஜை எப்படி அழிப்பது? பக்கத்திலேயே இருந்து கவனிக்காத மடையன் நான்.

"அது தப்பா வந்த மெசேஜ் சித்தப்பா. அறை ஒண்ணுகூடக் கெடைக்கல."

"அறை கெடக்குது விடு, கடக்கரையில படுத்துக்கிறோம்" என்றார் வீரையா. "மொறச்சுக்கிட்டு இருக்கவன மூணு தடவ கூப்பிடணும்ங்கிறது நம்ம ஊரு வழக்கம். நீ பதினோரு தடவ கூப்பிட்டுட்ட தாயி. அதுக்கு மேலயும் வராம இருந்தா நான் மனுசனா?"

திதி கொடுத்துவிட்டு வந்த மறுநாள், அந்த வரியை வெளியே எடுத்து, பதிவு முடிந்தபின் ஒரே ஒரு தடவை மெசேஜ் போகும்படி மாற்றினாள். ஒரு நிமிஷ வேலை. அழுது அழுது அரைநாள் ஆக்கினாள்.