மாட்ரிட் முழக்கமும் எங்கள் வீட்டுக் கொள்ளும்

நான் வரலாற்று வாத்தியார். பணி ஓய்ந்தும் வாய் ஓயவில்லை. சங்ககிரிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை உரசிக்கொண்டு ஜல்லி டிப்பர்கள் பறக்கும். போன வருடம், மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பேத்தியின் புத்தகப்பையை ஒரு டிப்பர் இழுத்துப்போட்டு நசுக்கியது. பிள்ளை தப்பித்தாள். மறியல் என்று ஊரில் முடிவானது.

முந்தின நாள் ஓர் அட்டையில் ‘நோ பசரான்’ என்று சிவப்பு மையில் எழுதினேன்.

“இதென்னங்க, பூச்சிமருந்துப் பேரா?” என்றாள் மனைவி.

விட்டேனா! ‘அவர்கள் நுழைய மாட்டார்கள்’ என்று பொருள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் சொன்னது. பிறகு ஸ்பெயினில் தளபதிகள் குடியரசைக் கவிழ்க்கக் கிளம்பியபோது ஒரு பெண் வானொலியில் முழங்கினாள், மாட்ரிட் நகரத் தெருவில் துணியில் எழுதிக் கட்டினார்கள் என்று பாடமே நடத்தினேன்.

“அப்பறம்? நுழையலீங்களா?”

“நுழைஞ்சுட்டாங்க. கிட்டத்தட்ட மூணு வருசம் கழிச்சு.”

“அடக் கெரகமே! தோத்தவங்க வார்த்தையவா புடிச்சுட்டு நிக்கப்போறீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

காலையில் முப்பது பேர் சாலையில் நின்றோம். முதல் டிப்பர் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டிச் சிரித்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, எங்கள வரவேண்டாங்கறீங்க. அப்ப உங்க பின்னாடி கொள்ளு எதுக்குங்க பரப்பி வெச்சிருக்கீங்க?”

திரும்பிப் பார்த்தேன். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று சாலை நெடுகப் பரப்பிய கொள்ளுக்கொடி! எங்கள் காட்டுக் கொள்ளுதான். வருடா வருடம் செய்கிற பழக்கத்தில் மனைவி விடியுமுன்னே பரப்பியிருக்கிறாள். கூட்டமே சிரித்தது. மானம் போயிற்று.

கூட்டத்தோடு நின்ற அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கட்டுக் கொடியை அள்ளினாள். “உங்க சக்கரம் எங்களுக்கு வேண்டாஞ் சாமி. சுத்திப் போங்க!”

எல்லோரும் அள்ளினோம். அள்ளி முடித்து அதே இடத்தில் உட்கார்ந்தோம். மத்தியானம் டிப்பர்கள் பின்வாங்கி பைபாஸுக்குப் போயின. இன்றுவரை அப்படித்தான் போகின்றன.

அன்று சாயங்காலம் களத்தில் இருவரும் கொள்ளுக்கொடியைத் தடியால் அடித்து மணி உதிர்த்தோம். தோள்பட்டை கழன்றது, மனசு மட்டும் குளுகுளுவென்று இருந்தது.

“எப்பவாச்சும் மறுபடி வந்துருவாங்க, புள்ள,” என்றேன்.

“வரட்டுமுங்க. அந்த ஊர்க்காரங்க மூணு வருசம் நிறுத்துனாங்கல்ல? நாமளும் நிறுத்துனாப் பேத்தி அஞ்சாப்பு முடிச்சிருவா. அதுக்கப்பறம் ஒண்ணாப்புப் பிள்ளைங்களோட அப்பன் ஆத்தா வந்து நிப்பாங்க. அந்த அட்டைய மட்டும் நனையாம எடுத்து வைங்க.”