நாலாவது தூண்

பாலங்களைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ரசமட்டம். பேனாவை மறந்துவிட்டு வருவார், தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டத்தை மறக்கமாட்டார். மேசையில் மூன்று முத்திரைகள் இருந்தன. 'நிராகரிக்கப்பட்டது' தேய்ந்து தேய்ந்து மூன்று தடவை மாற்றப்பட்டது. 'ஏற்கப்பட்டது' எப்போதாவது மையைப் பார்த்தது. 'நிபந்தனையுடன் ஏற்கப்பட்டது' என்பதை அவர் தொட்டதே இல்லை. பாலம் நிற்கும், இல்லை விழும். நடுவில் என்ன நிபந்தனை என்பார். ஓய்வுபெற்ற அன்று மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். யாரும் தடுக்கவில்லை.

வீட்டின் பின்னறையில் ஒரு பெரிய பலகை, அதன் மேல் பொம்மை ரயில், ஜன்னலோரம் ரயிலே போகாத ஒரு மலை. இதற்காக மனைவியின் தையல் மிஷின் ஆறே மாதம் என்று சொல்லி சமையலறைக்கு அனுப்பப்பட்டது. மூன்று வருஷமாகிறது. தைக்க வந்த துணிகளெல்லாம் வெங்காய வாசனையோடு திரும்பிப் போயின.

தாமதத்துக்குக் காரணம் பாலம். அதற்கு ஏழு தூண்கள். மரக்குச்சிகளை ஒட்டி அவரே செய்வார், அவரே இஸ்திரிப்பெட்டியை மேலே ஏற்றிச் சோதிப்பார், அவரே பதிவேடு போட்டு நிராகரிப்பார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள ரயில் ஓடணும். இல்லன்னா பலகை வெளிய, மிஷின் உள்ள" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அவர் அன்றைக்கே பசை டப்பாவைத் திறந்தார்.

ஞாயிறு மூன்றரைக்கு ரயில் பாலத்தைக் கடந்தது. ஒரு தூண்கூட அசையவில்லை. ரசமட்டம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாலத்துக்குக் கீழ ஒரு லைன் போகுதே, அது?" என்றாள் மனைவி.

"அதுக்கென்ன, அது பாட்டுக்குப் போகும்."

ரயிலைக் கீழ் லைனில் விட்டார். எஞ்சின் தூண்களைக் கடந்து போய்விட்டது. பின்னால் வந்த நீளப் பெட்டி, வளைவில் வயிற்றை உள்பக்கம் தள்ளி நாலாவது தூணை இடித்தது. பாலம் மொத்தமும் பலகையில் தீட்டியிருந்த ஆற்றில் படுத்தது. மேலே எவ்வளவு பாரம் வரும் என்றே வாழ்நாளெல்லாம் கேட்டவர், கீழே போவதைக் கேட்டதில்லை.

பதிவேட்டை எடுத்து 'நிராகரிக்கப்பட்டது' என்று தானே குத்தினார். "கழட்டிடறேன்" என்றார்.

"இருங்க, அவசரப்படாதீங்க."

மனைவி தையல் சாக்பீஸை அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி, கையாலேயே வளைவில் தள்ளினாள். பலகையில் வெள்ளைக் கோடு விழுந்தது. நாலாவது தூண் நின்ற இடம் கோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்தது.

"கையத் தொங்கவிட்டு அளவெடுத்தா, தூக்கும்போது அக்குள்ல கிழியும். வண்டி வளையும்போது எவ்வளவு இடம் கேக்குதுன்னு பாக்க வேணாமா?"

தூண்கள் உடையவில்லை, ஒட்டுதான் விட்டிருந்தது. நாலாவதை இரண்டு விரற்கடை தள்ளி வைத்து, பாலத்தை மறுபடி ஏற்றினார்கள். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என ரயில் இடிக்காமல் போனது. மணி நாலே முக்கால்.

பதிவேட்டில் 'கட்டியவர்' என்ற இடத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டார் ரசமட்டம். பரிசோதகருக்கான இடத்தைக் காலியாக விட்டு, மூன்று முத்திரைகளோடு மனைவியிடம் நீட்டினார். பிறகு போய்க் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், அவசரமே படவில்லை.

கடைசியில் முத்திரை விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். எழுத்து ஒன்றுகூடத் தேயாமல் பளிச்சென்று இருந்தது: 'நிபந்தனையுடன் ஏற்கப்பட்டது'. கீழே அவள் கையெழுத்தில், 'மலையை எடுக்கவும். அங்கே மிஷின்.'

இந்த ஒரு முத்திரைக்காக எத்தனை பேர் தன் கதவருகே இப்படி நின்றிருப்பார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. மலையைத் தூக்கினார்.