கை தூக்கினால் நிறுத்துவோம்

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு லைனுக்கும் மேலே ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். வேலையில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், இழுத்தால் லைன் நின்றுவிடும் என்று சேர்ந்த அன்றே பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பதோடு சரி. யாரும் இழுப்பதில்லை. இழுத்தால் சிவப்பு விளக்கு சுழலும், மணி அலறும், அறுபது பேரும் தலையைத் திருப்பி "யாருடி அது?" என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தே கோணல் திருகாணியைக்கூடக் கண்டும் காணாமல் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு.

சேர்ந்த மூன்றாவது வாரம் நான் இழுத்தேன். பார்த்தால் அன்று வந்த பெட்டியிலிருந்த திருகாணி முழுக்கவே தப்பு. அன்றிலிருந்து ஓசூரில் என்னைவிட தைரியசாலி கிடையாது என்று ஒரு நினைப்பு எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த நினைப்பு எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம் என்பது இரண்டு வருடம் கழித்து ஒரு மருத்துவமனைக் கட்டிலில் தெரிந்தது.

கர்ப்பம் ஏழு வாரம். எங்களுக்கு இப்போது குழந்தை வேண்டாம். ஏன் என்று இங்கே எழுதப் போவதில்லை; அது எனக்கும் என் புருஷனுக்கும் நடுவில் இரண்டே நாளில் பேசி முடித்த பேச்சு. மாத்திரையிலும் கலைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் நாங்கள் இருப்பது ஒற்றை அறை, குளியலறை மூன்று குடும்பத்துக்குப் பொது. ஒரே வேளையில், ஒரே இடத்தில் முடியட்டும் என்று உறிஞ்சி எடுக்கும் முறையைக் கேட்டேன். அந்த முடிவு சுலபமாக வந்துவிட்டது. எனக்கு மிச்சமிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வலிக்கு என்ன செய்வது?

பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சின்ன மருத்துவமனை அது. கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்திலிருந்து வரும் நர்ஸம்மா என் சீட்டைப் பார்த்ததுமே, "செவ்வாக்கெழம வாம்மா, மயக்க டாக்டர் வர்ற நாளு. தூங்கி எந்திரிச்சா ஆயிருக்கும்" என்றார்.

"தூங்கித்தான் ஆகணுமாக்கா?"

"எல்லாரும் தூங்கறாங்க. நீ எதுக்கு முழிச்சிருக்கணும்ங்கறே?"

நியாயமான கேள்வி. பதினைந்து வயதில் எனக்குக் குடல்வால் அறுவை நடந்தது. கிருஷ்ணகிரியில் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு, கஞ்சியக் குடி" என்றார்கள். என் வயிற்றுக்குள் நடந்ததை மாமாவிடம் சொன்னார்கள், பக்கத்துக் கட்டில்காரரிடம்கூடச் சொன்னார்கள். அந்தக் கஞ்சியின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

டாக்டரம்மா முன்னால் ஒரு தாளை விரித்தேன். தொழிற்சாலை ஆய்வுப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு நானே தயாரித்த அட்டவணை. எந்த மருந்துக்கு விழித்திருப்பேன், எதற்குப் பட்டினி, கூட ஆள் வேண்டுமா, வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்று கட்டம் கட்டமாக.

"இன்டர்வியூக்கு வந்தது நானா, நீயா?" என்று கேட்டுவிட்டுத் தன் பேனாவையே எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். முழு மயக்கம் என்றால் ஒன்றும் தெரியாது. வெறும் வயிற்றோடு வரவேண்டும், தெளிந்தபின் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும், கூட ஒருவர் வந்துதான் அழைத்துப்போக வேண்டும். நரம்பில் கொஞ்சமாக மருந்து ஏற்றி அரைத்தூக்கத்தில் வைப்பதும் உண்டு. அதற்கும் பட்டினியும் துணையும் வேண்டும். மூன்றாவது, முன்னதாகவே வலி மாத்திரை. பிறகு கர்ப்பப்பை வாயில் மரத்துப்போக ஊசி. விழித்தே இருக்கலாம், கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டும் வரலாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

'வலி' என்று நான் எழுதியிருந்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "இதுல வலியே இருக்காதுன்னு எழுதினா பொய். உள்ள பிடிச்சு இழுக்கும். மாசா மாசம் வர்ற வலி இருக்குல்ல, அதையே கெட்டியாக்கின மாதிரி. சில நிமிஷம்தான். சிலருக்கு லேசா இருக்கும், சிலருக்குத் தாங்காது. தூங்கறது ஒண்ணும் கோழைத்தனம் கிடையாது, தெரிஞ்சுக்கோ."

"நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நிறுத்துவேன். கைய மட்டும் தூக்கு. ரெண்டு நிமிஷம் விடலாம், மருந்து கூட்டலாம். ஆனா ஆரம்பிச்சத அரைகுறையா விட்டுட்டுப் போக முடியாது, முடிச்சுத்தான் ஆகணும். அதையும் சேத்து யோசி."

எனக்கு மஞ்சள் கயிறு ஞாபகம் வந்தது. அங்கேயே, நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே, மூன்றாவது கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.

வீட்டில்தான் சண்டை. அவன் திருநெல்வேலிக்காரன், எங்கள் தொழிற்சாலையில்தான் வேலை. அன்றைக்குச் சமையல் அவன் முறை. ஊரிலிருந்து வந்த கருவாட்டை அலசிக்கொண்டிருந்தான். எனக்கு அந்த வாசனையே ஆகாது. ஜன்னலோரம் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏ பிள்ள, நீயா முழிச்சிருக்கப் போற? பிளான்ட்ல ரத்தம் எடுக்க வந்தாங்கள்லா, ஊசியப் பாக்கதுக்கு முந்தியே சாஞ்சவ நீ."

"அன்னிக்கி காலையில நான் சாப்புடல."

"ரெண்டு பிளேட்டு பொங்கலு. பக்கத்துல உக்காந்திருந்தவன் நான்."

"அது பொங்கலோட மயக்கம்டா."

சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. கையில் கருவாட்டோடு, "நீ உள்ள முழிச்சுக்கிட்டு வலியில கெடக்கன்னு தெரிஞ்சா நான் வெளிய எப்படி உக்காந்திருப்பேன்? தூங்குதன்னா மனசு கொஞ்சம் ஆறும்லா" என்றான்.

"அப்ப மயக்க ஊசி உனக்குத்தான் போடணும். சொல்லிட்டு வர்றன் டாக்டருகிட்ட."

அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. பந்தயம் கட்டினான். நான் கை தூக்காமல் முடித்துவிட்டு வந்தால் அவன் ஒரு முழு உருண்டை ராகிக் களியைச் சாப்பிட வேண்டும். பாரூர்க்காரியான என்னைக் கல்யாணம் செய்து ஒரு வருடமாகியும் அவன் களியைத் தொட்டதில்லை, 'சிமெண்டு' என்பான். தூக்கிவிட்டால் நான் கருவாட்டுக் குழம்பு சாப்பிட வேண்டும். வேடிக்கைக்காகத்தான் சொன்னான். நானும் வேடிக்கையாகத்தான் கையில் அடித்தேன். பந்தயம் என்று வந்துவிட்டால் என் புத்தி எப்படிப் போகும் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

என் வார விடுமுறை புதன்கிழமை. மயக்க டாக்டருக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால் அன்றைக்கே நாள் கிடைத்தது. காலையில் இரண்டு இட்லி. மருத்துவமனையில் நர்ஸம்மா கொடுத்த வலி மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். அவன் வெளி பெஞ்சில் என் செருப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான். நான் மயங்கவில்லை. ஊசிக்கு மயங்காமல் இருந்ததே எனக்குப் பெரிய வெற்றி. கூரையைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். டாக்டர் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். "இப்ப மரத்துப்போக விடறேன்... இப்ப லேசா அகலமாக்கறேன்... இப்ப ஆரம்பிக்கறேன்." என் உடம்பில் என்ன நடக்கிறது என்று இந்தத் தடவை முதலில் எனக்குத்தான் தெரிந்தது.

பிறகு பிடித்து இழுத்தது.

"பத்துக்கு எவ்வளவும்மா வலி?" என்றார் டாக்டர்.

"ஓகே டாக்டர்."

கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும், "ஓகே."

இதில் பொய் சொல்லும் எண்ணம் எனக்குப் பாதிதான். மீதிப் பாதி பழக்கம். எங்கள் லைனில் ஒரு பொருளை எடுத்துப் பார்த்தால் சொல்வதற்கு இரண்டே வார்த்தைதான்: ஓகே, அல்லது என்.ஜி., அதாவது 'நோ குட்'. ஒன்று பாஸ், இன்னொன்று குப்பைத் தொட்டி. நடுவில் நாலு, ஆறு, ஏழரை எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை ஓகே சொல்கிற வாய், கட்டிலில் படுத்தும் அதையே சொன்னது. என்.ஜி. என்று சொன்னால் நானே குப்பைத் தொட்டிக்குப் போய்விடுவேன் என்பது போல. போதாததற்குப் பந்தயம். அடுத்த இழுப்பில் இடுப்பு முழுக்கக் கவ்வியது. வலது கை தானாக மேலே கிளம்பியது. நான் அதைக் கட்டில் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

லைனில் கயிற்றை இழுக்காமல் கண்ணை மூடிக்கொள்கிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

காட்டிக்கொடுத்தது என் கால்விரல்கள். "டாக்டரே, இவ கால பாருங்க. வெரலு எல்லாம் உள்ள மடங்கிப்போச்சு, வாயி மட்டும் ஓகே ஓகேங்குது" என்ற நர்ஸம்மா, குனிந்து என் காதருகில், கன்னட வாடை அடிக்கும் தமிழில், "கை எத்தும்மா. யாருக்குக் காட்டறதுக்கு இந்த ஜம்பம்? இங்க யாரு மார்க்கு போடறாங்க?" என்றார்.

கம்பியை விட்டேன். கையைத் தூக்கினேன்.

எல்லாம் நின்றது. விளக்கு சுழலவில்லை, மணி அலறவில்லை, ஒரு தலைகூடக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் என் பக்கம் திரும்பவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "நிறுத்தியாச்சு. எவ்வளவு, சொல்லு" என்றார் டாக்டர்.

"ஏழு."

வாழ்க்கையில் நான் சொன்ன முதல் ஏழு அது. இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார்கள். நர்ஸம்மா சூடான பையை அடிவயிற்றில் வைத்து, வாய் வழியாக மூச்சை விடச் சொன்னார். ஏழு ஆறானது. ஆறு, நாலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அவர்கள் இருவரும் கை கட்டி நிற்பவர்கள்போல் காத்திருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். எனக்காக! நான் சொல்ல வேண்டும்!

"நாலு டாக்டர். ஆரம்பிங்க."

சொன்னபோது குரல் பயிற்சி வகுப்பில் பதில் சொல்வதுபோல் கணீரென்று வந்தது. நர்ஸம்மா சிரித்துவிட்டார். மீதி நாலிலேயே போனது, ஒருமுறை ஐந்தைத் தொட்டது. அதையும் உரக்கச் சொன்னேன். "முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்னபோது, நான் எதிர்பார்த்ததைவிட அது சீக்கிரமாக இருந்தது.

அரைமணி படுத்திருந்து, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, எந்த அளவுக்கு மேல் ரத்தம் போனால் உடனே வரவேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தாளை வாங்கிக்கொண்டு நானே நடந்து வெளியே வந்தேன். அவன் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு பிள்ள?"

"கை தூக்கிட்டன்."

"ஐயோ, ரொம்ப வலிச்சுதா?"

"ஏழு. அப்பறம் நாலு. நிறுத்தச் சொன்னதும் நாந்தான், ஆரம்பிக்கச் சொன்னதும் நாந்தான். பந்தயத்துல நான் தோத்துட்டன்டா!"

ஏதோ போட்டியில் கோப்பை வாங்கி வந்தவள்போல நான் அதைச் சொன்னதாக அவன் பிறகு எல்லாருக்கும் நடித்துக் காட்ட ஆசைப்பட்டான். யாரிடமும் காட்ட முடியாத விஷயம் என்பதால் எனக்கே நடித்துக் காட்டுவான். அன்றைக்கு மட்டும் நடிக்கவில்லை. குனிந்து செருப்பைத் தரையில் நேராக வைத்துவிட்டு, "அந்தப் பந்தயத்த நான் கட்டியிருக்கப்படாது" என்றான்.

சாயங்காலம் அவன் கருவாட்டுக் குழம்பு வைத்தான். நான் தோற்றவள், சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பந்தயம் கட்டியது தப்பு என்று தனக்கும் தண்டனை வேண்டுமென்றான். பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு உருண்டை களி கேட்டு வாங்கிவந்து தட்டில் வைத்தான்.

"மெல்லாத, அப்படியே முழுங்கணும்" என்றேன்.

ஒரு துண்டைப் பிட்டுக் குழம்பில் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினான். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்டான்.

நேர்மையாக யோசித்தேன். "எட்டு. இன்னொரு கரண்டி ஊத்து."