பெரலுக்கு முன்னால் இறங்கிய கால்

அன்று புசல்லாவைக்குக் கீழே இருந்த சோதனைச் சாவடியில் நின்றவர்கள் ஆறு பேர்: இரண்டு சிப்பாய்கள், ஒரு பொலிஸ்காரர், சோளம் அவித்து விற்கும் அக்கா, எனக்குப் பின்னால் வான் வண்டியில் வந்து நின்ற சைக்கிள் கடை நானா, நான். அங்கே படுத்திருந்த நாயைச் சேர்க்கவில்லை. ஏழாவதாக ஒருவன் வந்தான். அவனைப் பிறகு சொல்கிறேன்.

பேராதனையில் தொடங்கி, கம்பளை வழியாக மேலேறி, புசல்லாவை பஜாரில் முடிகிற சைக்கிள் பந்தயம் அது. முதல் பரிசு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். முன் சக்கரம், பின் சக்கரம் என்று நான் பூட்டியிருந்த பந்தயச் சில்லுகள் இரண்டுக்கும் நானாவுக்குக் கொடுக்க வேண்டியதும் அதே தொகை. வென்றால் சில்லு எனக்கு, தோற்றால் அன்றைக்கே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு. அவை போனால் எனக்குப் பந்தயமும் இல்லை. திரும்பவும் பாண் பெட்டி கட்டிய சைக்கிள்தான்.

தமிழரை அடித்த கலவரம் நடந்த வருஷத்தோடு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். டவுனைத் தாண்டிப் போக வேண்டுமே என்ற பயம். அதே அம்மாதான் வத்தேகமையில் ஒரு பேக்கரியின் பாணை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக என்னைத் தனியே போக விட்டார். அதில் மட்டும் எப்படிப் பயமில்லாமல் இருந்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அந்த ஏற்றங்களில்தான் என் தொடைகள் வளர்ந்தன.

அம்மாவின் பயம் எனக்கும் வந்திருந்தது. பந்தய டயரைப் பசை போட்டு ரிம்மில் ஒட்டுவோம். வெயிலில் பசை இளகிவிடுமோ என்று பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி ஜேர்சியின் முதுகுப் பையில் வைத்திருப்பேன். மூச்சு வாங்குகிற ஏற்றத்திலும் ஒரு கை பின்னால் போய் அதைத் தொட்டுப் பார்க்கும்.

பயிற்சி நாட்களில் ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அட்டையைக் காட்ட வேண்டும். ஒருமுறை ஒரு சிப்பாய் சீட்டைக் கழற்றிக் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே எப்படி இருக்கும் என்று நானும் பார்த்ததில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் துரு இருந்தது.

பந்தயத்தன்று காலை ஒலிபெருக்கியில் தெளிவாகவே சொன்னார்கள். சாவடிகளில் யாரும் நிற்கத் தேவையில்லை, வழி திறந்திருக்கும். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். விளங்கியும் பக்கத்தில் நின்றவரிடம் இன்னொரு தடவை கேட்டு வைத்தேன்.

கம்பளைக்கு மேலே மற்றவர்களை விட்டுப் பிரிந்தேன். வளைவுகளில் திரும்பிப் பார்த்தால் நானாவின் வான் மட்டும்தான் தெரிந்தது. கடைசிச் சாவடி வந்தது. வழியை மறித்து நிற்கும் தார் பெரல்களை, அந்த இரும்புப் பீப்பாய்களை, ஓரத்துக்கு உருட்டியிருந்தார்கள். "யன்ட, யன்ட!" போ, போ என்று ஒரு சிப்பாய் கையை வீசினான். அதைத் தாண்டினால் பஜார்.

நான் இறங்கிவிட்டேன்.

அந்தக் காலத்துப் பெடலில் பாதத்தைத் தோல் வார் போட்டு இறுக்கியிருப்போம். குனிந்து, கையால் கொக்கியைத் தட்டித் தளர்த்தினால்தான் கால் வெளியே வரும். அதையும் செய்திருக்கிறேன். எப்போது செய்தேன்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அங்கிருந்துதான் ஞாபகம் இருக்கிறது. இன்னொரு ஆச்சரியம், போ போ என்று கத்திய அதே சிப்பாய் அட்டையைக் கையில் வாங்கினான். வாங்கி, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அட தம்பி, ரேசு ஓடுறப்பவும் ஐசி காட்டணுமா?" சோளக்கார அக்கா அகப்பையோடு எழுந்துவிட்டார். "பின்னால பாரு, ஆளு வந்துட்டான்!"

அவன்தான் அந்த ஏழாவது ஆள், இராணுவ அணியின் சைக்கிள் ஓட்டக்காரன். எனக்கு என்ன ஆனது என்பதுபோலத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கடந்து போனான். சிப்பாய் அட்டையை என் கையில் திணித்துவிட்டு அவனுக்குக் கைதட்டினான். நான் ஓடி ஏறினேன். அந்த ஏற்றத்தில் பாதம் வாருக்குள் நுழைய மறுத்தது. இரண்டாவதாக வந்தேன். பரிசு ஒரு சுடுதண்ணிப் போத்தல், பிளாஸ்க்.

நானா வானிலிருந்து இறங்கி வந்தார். "ஏன் மகன் எறங்கின? டயர் போச்சா?"

"இல்ல நானா."

"செயின் கழண்டுச்சா?"

"இல்ல. பெரலப் பார்த்தேன். எறங்கிட்டேன்."

போத்தலை வாங்கி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "டீயாவது ஊத்திக் குடுத்தானுங்களா?"

நான் சைக்கிளைக் கவிழ்த்து முன் சில்லைக் கழற்ற ஆரம்பித்தேன். நானா போத்தலை மூடி என் பக்கத்தில் வைத்தார்.

"பூட்டு, பூட்டு. காசக் கொஞ்சம் கொஞ்சமா தா."

இந்தக் கால் எங்கே பழகியது என்று பல நாள் யோசித்தேன். சாவடிகளில் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அப்பா ஞாபகம் வந்தது. தோட்டத்தில் துரை பங்களாவைக் கடக்கும்போது அவர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். சைக்கிளின் முன் பாரில் உட்கார்ந்திருக்கும் நான், "தொரதான் கொழும்புக்குப் போயிட்டாரே?" என்பேன். "தெரியும்டா" என்பார். என்னையும் இறக்கிவிடுவார்.

அதற்குப் பிறகு ஓடிய பந்தயங்களிலும் பெரலைக் கண்டால் கை வாருக்குப் போனது. நல்ல வேளையாக மலைச் சைக்கிள் பந்தயம் வந்தது. கண்டியில் ஒரு கம்பனி சம்பளம் கொடுத்து அணிக்கு எடுத்தது. தேயிலைக்கு நடுவே கல்லும் சேறுமான பாதைகள், அங்கே பெரல் கிடையாது. நான் அதிகம் வென்றது அங்கேதான். ஏன் ரோட்டை விட்டாய் என்று கேட்டவர்களிடம், என் உடம்புக்கு மலைதான் சரி என்று சொல்லி வைத்தேன்.

சம்பளத்தில் நானாவின் கடனைக் கட்டிக்கொண்டு வந்தேன். கடைசித் தவணையை நீட்டியபோது என் கையைத் தள்ளிவிட்டார்.

"இத வாங்க மாட்டேன். ஒரு நாளைக்கு ரோட்டு ரேசுல பெரலுக்கு எறங்காமப் போ. அன்னைக்கு வாங்குறேன்."

போகத்தான் நினைத்தேன். இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனது. யுத்தம் முடிந்து ஒரு நாள் பெரல்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முன்பே நானா காலமாகிவிட்டார். அவருக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் எழுநூறு ரூபாய்.