அலுமினியத்துக்கு மொக்கை கட்டர்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கைபேசி அடித்தது. என் மகள் ஷீபா வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி. அந்த நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவள் அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுவது முதல் மாலையில் வீடு திரும்புவது வரை, அந்தக் காரணத்தைத்தான் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பதறாதம்மா. கட்டர் ஒடஞ்சி ஒரு துண்டு கண்ணாண்ட பட்டுடுச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டோம்,” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “சாஃப்ட் வேலதாம்மா குடுத்திருந்தேன். அலுமினியம். பொம்பளப் புள்ளைனு பாத்துதான் குடுத்தேன்” என்றார்.

வீட்டுக்குப் பக்கத்து டோல்கேட் நிறுத்தத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். கால் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஷீபாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். முதலாளி பட்டறைக்குத் திரும்பியிருந்தார். ஒரு நர்ஸ் வந்து அவளுடைய மேல்கோட்டையும் துப்பட்டாவையும் பிளாஸ்டிக் பையில் போட்டு என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். ரத்தம் இருக்குமோ என்று பயந்து பயந்து பையைப் பிரித்தேன். முதலில் வந்தது மண்ணெண்ணெய் வாசனை.

மண்ணெண்ணெய் எங்கள் சமையலறையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் அலுமினியம் சீவும் பட்டறைகள் அதை இன்னும் விடவில்லை. சொட்டுச் சொட்டாக விட்டால் அலுமினியம் கட்டரில் ஒட்டாது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் இருபது வயதில் திருவொற்றியூர் சந்து ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். மகள் உள்ளே கிடக்கும்போது இப்படி எங்கேயோ போய் நிற்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. பயத்துக்கு வெட்கமெல்லாம் கிடையாது. அது கிடைத்த இடத்துக்கு ஓடிவிடுகிறது.

நான் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து அந்தச் சந்துப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே உலோகம் சீவும் மில்லிங் மெஷினில் நின்ற ஒரே பெண் நான்தான். என்ட் மில் என்ற கட்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விரல் மாதிரி இருக்கும். பார்வைக்கு டிரில் பிட்டின் தம்பி. டிரில் கீழே குடைவதோடு சரி. இது பக்கவாட்டிலும் சீவும். உடம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும் பற்கள் இரண்டிருக்கலாம், மூன்றிருக்கலாம், நான்கிருக்கலாம். எந்த உலோகத்துக்கு எத்தனை பல் என்பதில்தான் பாதித் தொழில் இருக்கிறது.

வார்ப்பிரும்பைத் தண்ணீர், எண்ணெய் எதுவும் இல்லாமல் சீவுவோம். கறுப்பு மாவாக உதிரும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் அடுப்புக்கரி. உருக்குக்கு நான்கு பல். எவர்சில்வர் ஒரு தனிப்பிறவி. சமையலறையில் சாதுவாக அடுக்கில் உட்கார்ந்திருக்கும் அதே எவர்சில்வர், கட்டர் தயங்கித் தயங்கித் தடவினால் தடவின இடத்திலேயே கெட்டித்துப்போகும். கட்டரை இறக்கினால் நிற்காமல் போய்விட வேண்டும். எங்கள் குடும்பத்திலும் இப்படிச் சிலர் உண்டு. அது இப்போது வேண்டாம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கட்டர் வந்தால் முதலில் எவர்சில்வருக்கு. கொஞ்சம் கூர் போனதும் உருக்குக்கு. அதுவும் முடியாதபோது வார்ப்பிரும்புக்கு. எதற்கும் ஆகாது என்றானதும் ஒரு பவுடர் டப்பாவில் போட்டுவைப்பார்கள். டப்பாவின் மேல் ‘அலுமினியம்’ என்று எழுதி ஒட்டியிருக்கும். அலுமினியம் மெத்தென்றிருக்கும் உலோகம்தானே, அதற்கு எது இருந்தால் என்ன என்று கணக்கு. கட்டர்களின் முதியோர் இல்லம் அது. அந்த டப்பாவைத்தான் முதல் நாளே என்னிடம் கொடுத்தார்கள்.

“வெண்ண மாரி வேல. பொம்பளப் புள்ளைக்கு இதான் கரீட்டு,” என்றார் மேஸ்திரி.

ஆனால் வெண்ணெயை மொக்கைக் கத்தியால் வழிக்கலாம்; அலுமினியத்தை முடியாது. மொக்கைப் பல் அதைச் சீவுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கியது சூடேறிப் பல்லிடுக்கில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். நான்கு பல் கட்டரில் இடுக்கும் குறுகல். சுருள் வெளியே வர வழியே இருக்காது. அடைத்துக்கொண்டு கீச்சென்று கத்தும். பிறகு ஒடியும். மெத்தென்ற உலோகத்துக்குத்தான் எல்லாவற்றையும்விடக் கூரான, பல் குறைந்த, வழவழப்பான கட்டர் வேண்டும். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. பட்டறையில் அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் தைரியம் வரவில்லை. அதுவரை நான் சீவித் தந்த ஜாப் எல்லாம் பிய்ந்த பரோட்டா மாதிரி வந்துகொண்டிருந்தது. “கை நடுங்குதுபா இதுக்கு,” என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஒருநாள் பம்ப் மூடி ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு மெஷினை அணைத்தேன்.

“இன்னா, கரன்ட்டு பூட்சா?” என்றார் மேஸ்திரி.

“இல்ல நைனா. புதுசா ரெண்டு பல்லு கட்டர் குடுங்க, ஓட்டறேன். இதுல ஓட்ட மாட்டேன்.”

பட்டறை முழுக்கச் சிரித்தது. “மகாராணிக்குப் புது கட்டர் வோணுமாம்! அலுமினியத்துக்கு! அப்பாலிக்கா சந்தனத்துல புடி போட்டுத் தரச்சொல்லு.” நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கை உண்மையிலேயே நடுங்கியது. அதை மறைக்க இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. எழுந்திருக்கவில்லை. கடைசியில் மேஸ்திரிக்கு ரோஷம் வந்து, “நவுரு, நான் ஓட்டிக் காட்டறேன்” என்று டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பூட்டினார். கீச்சென்றது. ஒடிந்தது. துண்டு பறந்து எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஓட்டை போட்டது. நல்லவேளை, குறுக்கே யாரும் இல்லை.

மறுநாள் பாரிஸ் கார்னர் கடையிலிருந்து இரண்டு பல் கட்டர் வந்தது. பிரஷ்ஷால் மண்ணெண்ணெயைத் தொட்டுவிட்டு ஓட்டினேன். சுருள்கள் வெள்ளி அவல் மாதிரி பறந்தன. மூடியின் முகத்தில் மேஸ்திரியின் மூக்கு தெரிந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கிருஷ்ணாயில் கொறச்சலா ஊத்து, ரேஷன்ல கெடைக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய விருது கிடையாது.

“மதினி, காப்பி குடிங்க,” என்ற குரல் கேட்டது. என் கணவரின் தங்கை கிரேஸ். என்னை எழுப்புவது போலத் தோளைத் தொட்டாள். கணவர் சரக்கு எடுக்கத் தூத்துக்குடி போயிருந்ததால் ராயபுரத்தில் இருக்கும் எங்கள் மளிகைக் கடையை விட்டுவிட்டு அவள் ஓடி வந்திருந்தாள். நல்லவள். ஆனால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

“போதும் மதினி. பிள்ளைய மெஷின்ல நிறுத்தினது போதும். நம்ம கடையில கல்லாவுல உக்காரட்டும். அங்க பருப்பு பறந்து வந்தா கண்ணுல படப்போவுது?”

கல்யாணமானதும் என்னிடம் இதையேதான் அன்பாகச் சொன்னார்கள்; நானும் மெஷினை விட்டுக் கல்லாவுக்கு வந்தேன். அந்த நிமிடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மகளின் கண்ணா, வேலையா என்று கேட்டால் எந்தத் தாய் யோசிப்பாள்? முதலாளி வந்ததும் ‘இனி அனுப்ப மாட்டேன்’ என்று சொல்லிவிடுவது என முடிவே செய்திருந்தேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். பார்வைக்கு ஒன்றுமில்லை, இமை கிழிந்திருக்கிறது, தையல் போட்டிருக்கிறோம் என்றார். அப்போதுதான் அழுதேன். உள்ளே ஷீபா ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வலிக்கிறது என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

“அம்மா, ஜாப்ப மெஷின் வைஸ்லேருந்து கழட்டிட்டாங்களானு சார்கிட்ட கேளு. அது பாதில நிக்குது. டப்பால அதே மாரி மொக்க கட்டர் இன்னும் நாலஞ்சு கீது. வேற யாராச்சும் எடுத்து மீதிய ஓட்டிடப் போறாங்க.”

“ஒனக்கு அடிபட்டு கீது. அதப் பத்தி இன்னாடி இப்போ?”

“எனக்குப் பட்டாச்சு. அடுத்தவங்களுக்குப் படணுமா?”

கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ‘டப்பா’ என்றாளே, அதுதான் உள்ளே போய்க் குத்தியது.

நான் நின்ற அந்தச் சந்து இப்போது இல்லை. அங்கே கன்டெய்னர் லாரிகள் இளைப்பாறுகின்றன. பட்டறையும் மேஸ்திரியும் போய்விட்டார்கள். ஒரு கட்டருக்காகப் பாரிஸுக்கு ஆளனுப்பிக் காத்திருந்த காலமும் போய்விட்டது. இன்று மாலை கேட்டால் நாளை மறுநாள் பிளாஸ்டிக் குழாயில் வாசலுக்கு வருகிறது. அன்றைக்கு அந்த டப்பாவுக்கு ஒரு காரணமாவது இருந்தது. கட்டர் கிடைக்காது, கிடைத்ததை ஓட்டு என்பார்கள். காரணம் ஒழிந்த பிறகும் டப்பா இருக்கிறது. அதை யார் கையில் கொடுப்பது என்ற வழக்கமும் இருக்கிறது. இத்தனை வருடம் பயந்து பயந்து நான் காவல் காத்ததெல்லாம் தப்பான வாசலில். பயப்பட வேண்டியது என் மகளுடைய வேலையைப் பார்த்து அல்ல.

நாலரை மணிக்கு முதலாளி வந்தார். கையில் ஆப்பிள் கவர். முகம் வாடியிருந்தது. கெட்டவர் இல்லை.

“மனசு கேக்கலம்மா. இனிமே மெஷினே வோணாம். ஆபீஸ்ல ஒக்காரட்டும், ஃபேன் கீது, கம்ப்யூட்டர் கீது. சம்பளத்துல கை வெக்க மாட்டேன்.”

கிரேஸின் முகம் மலர்ந்தது. நான் எழுந்து நின்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“ஆபீஸ் வோணாம் சார். தையல் பிரிச்சதும் அவ மெஷின்லயே நிப்பா. நீங்க மொதல்ல அந்த டப்பாவத் தூக்கிக் குப்பைல போடுங்க. அலுமினியத்துக்குப் புதுக் கட்டர் வாங்கி வைங்க. அது வர்ற வரைக்கும் உங்க பட்டறையில யாரும் அலுமினியம் ஓட்டக் கூடாது. ஆம்பளையும் சேத்துதான்.”

“இன்னாமா நீ, கட்டரப் பத்தி எனுக்கே...” என்று ஆரம்பித்தவர் ஷீபாவைப் பார்த்தார். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பிள் கவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிரேஸின் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். ஏதோ தேடினார், தடவினார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு பல்லா, மூணு பல்லா? நீயே சொல்லும்மா, இங்கயே நின்னு ஆர்டர் போட்டுட்றேன்,” என்றார்.