பதினான்கு புயல்கள்

துபாயிலிருந்து லீவில் வந்த மாமா, டிவியோடு இணைக்கும் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அதில் ஐம்பத்தெட்டு விசைகள். ஐம்பத்தொன்பதோ? அந்தச் சந்தேகம் இன்றும் என்னை அரிக்கிறது.

அதற்கு முந்தைய லீவில் அவர் கொண்டுவந்தது ஒரு பெட்டி. உள்ளே இரண்டு பகடைகளும் ஓர் ஆங்கில விதிப்புத்தகமும். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேசியே ஆடவேண்டிய ஆட்டம். அக்கா அதை எங்கள் கடலுக்கு ஏற்றபடி மாற்றி, ஒரு நோட்டில் முப்பத்தெட்டு விதிகளாக எழுதினாள். கதை சொல்வதும் பகடை உருட்டுவதும் அவள். முட்டத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் சுக்கான் பிடிப்பவன் நான்.

"மேக்கே கறுத்துட்டு வருது மக்கா. பாயை இறக்குதியா?" என்பாள். "இறக்கியாச்சு!" என்று கத்துவேன்.

புயலில் இரு பகடையும் சேர்ந்து குறைந்தது ஆறு விழவேண்டும். குறைந்தால் ஆள் கடலில். செத்தவனுக்கு அடுத்த கோடை விடுமுறைவரை ஆட்டம் கிடையாது. அக்காவின் தோழிகள் இருவரும் முதல் வாரமே செத்துப்போனார்கள். நான் பதினான்கு புயல்களைத் தாண்டியிருந்தேன். பள்ளியில் ஒரு கோலி விளையாட்டில்கூட ஜெயித்தவனில்லை நான்.

இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மாமாவுக்கு ஆசை வந்தது.

"ஒரு விதியும் விடாம வாசிக்கணும், கேட்டியாலே?"

நான் வாசிக்க, அவர் தட்ட, ஒன்பது நாள் ஆயிற்று. நோட்டில் கிடந்த எழுத்து டிவிக்குள் போய்த் தானே நடக்கத் தொடங்கியது. பகடையே இல்லாமல் பகடை விழுந்தது. கண்ணிமைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது புயலில் நான் செத்தேன்.

"மாமா, எதையோ விட்டுட்டீங்க!"

முப்பத்தெட்டையும் இருமுறை சரிபார்த்தோம். எதுவும் விடுபடவில்லை. சோதனைக்கென்று மறுபடி ஆடினேன், ஐந்தாவது புயலில் சாவு. அடுத்து, இரண்டாவதிலேயே.

"நோட்டுல இல்லாத எதையாவது உங்க அக்கா செய்வாளாலே?"

"ஒண்ணுமில்ல மாமா. பகடையைப் பெட்டி மூடிக்குப் பின்னால உருட்டுவா. காத்தடிக்கும்லா, அதுக்கு."

மாமா பக்கத்தில் நின்ற அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். "ஏட்டி, பதினாலு புயலா?"

"அவன் ராசிக்காரன் மாமா," என்றாள் அக்கா, நோட்டைப் பார்த்தபடி.

மாமா சிரிப்பை அடக்கினார். "அப்பம் மிஷின்லதான் கோளாறு."

எனக்கு அது பொறுக்கவில்லை. அத்தனை விதிகளையும் பிசகாமல் காக்கும் இயந்திரத்தைக் குறை சொல்வதா? என் ராசியை அதற்கும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். இரண்டு ஜன்னல்களையும் சாத்தினேன்.

"இப்பம் காத்தில்ல. எல்லாரும் பாக்க உருட்டு."

"வேண்டாம் மக்கா."

"உருட்டு!"

அவள் பகடைகளை உள்ளங்கைகளுக்குள் பொத்திக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். இருபத்து மூன்றுவரை எண்ணினேன், கீழே விடவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. பதினைந்தாவது புயலையும் நான் ஜெயித்துவிடுவேனே என்று அவளுக்குப் பொறாமை; அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.